ஸ்டாஃப் தாளுக்குப் பின்னால்

1. வேலையும் பயமும்

துறையில் புதிதாகச் சேருகிறவர்கள் டீ நேரத்தில் என்னிடம் கேட்பார்கள்: "மேம், நீங்க எப்படி பெர்மனென்ட் ஆனீங்க?" இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று சொல்வேன் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நானோ மழையில் ஊறிய ஒரு தேவாலய ஆர்கனைப் பற்றி ஆரம்பிப்பேன். ஆர்கன் பாட ஆரம்பிப்பதற்குள் பாதிப் பேருக்கு கிளாஸ் வந்துவிடும். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவள். பியானோ கற்றுக்கொண்டது மாட்டுங்காவில். கிரேடு பரீட்சைகள் எல்லாம் எழுதி, இசையமைப்பில் எம்.ஏ. முடித்து, பல்கலைக்கழக இசைத்துறையில் ஒப்பந்த ஆசிரியரானேன். வருஷா வருஷம் எக்ஸ்டென்ஷன் லெட்டர் வருமா வராதா என்று ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். நான்காவது வருஷம் நிரந்தரமாக ஓர் இடம் காலியானது. அதற்கு வெளியிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்திருந்தன. எனக்குக் கிடைக்காவிட்டால் ஒப்பந்த இடமும் போய்விடும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

துறைத் தலைவர் பின்டோ சார் கோவாக்காரர். இந்தியையும் இங்கிலீஷையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "எஸ்தர், பேப்பர் பே தோ சப் காம்போஸர் ஹை. முஜே சுன்னா ஹை" என்றார். காகிதத்தில் எல்லாரும் இசையமைப்பாளர்தான், எனக்குக் காதால் கேட்க வேண்டும் என்று அர்த்தம். பாடகர்களும் ஆர்கனும் சேர்ந்த ஒரு சொந்தப் படைப்பு. அவரே வந்து கேட்பார். அதற்கப்புறம்தான் ரிப்போர்ட் எழுதுவார்.

2. பதினான்கு பேர்

ஆர்கனுக்கும் பாடகர்களுக்கும் நான் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. மாட்டுங்கா பக்கத்தில் ஒரு பழைய தேவாலயத்தில் ஞாயிறு மாலைத் தமிழ் ஆராதனைக்கு நான்தான் ஆர்கனிஸ்ட். கொயரில், அதாவது பாடகர் குழுவில், பதினான்கு பேர். அநேகம் பேர் தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் வரிசைக்கு ஜெபமணி அக்கா. குர்லா ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் வேலை. பேஸ் என்கிற ஆண்களின் அடிக்குரல் வரிசைக்குத் தங்கராஜ் அண்ணாச்சி. சொந்தமாகத் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார்.

இவர்கள் எல்லாரும் சோல்ஃபாவில் படிப்பவர்கள். டோ, ரே, மீ என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்துகளாக எழுதி, நடுவே முக்காற்புள்ளி வைத்துத் தாளம் பிரிக்கிற முறை அது. சண்டே ஸ்கூலில் நானும் அப்படித்தான் கற்றேன். பிறகு ஐந்து கோடும் புள்ளியுமாக இருக்கிற ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு மாறியதும், சோல்ஃபாவை ஊரிலிருந்து வந்த உறவுக்காரரை ஆபீஸ் நண்பர்களிடம் அறிமுகம் செய்யாமல் விடுவதுபோல விட்டுவிட்டேன். என் பயோடேட்டாவில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பின்டோ சார் வருகிறபோது என் கொயர் முக்காற்புள்ளி பார்த்துப் பாடுவதா? மானம் போய்விடும் என்று தோன்றியது. "இனிமே ஸ்டாஃப்தான்" என்று அறிவித்தேன். போர்டில் கோடு போட்டு இரண்டு மாதம் வகுப்பு எடுத்தேன். என்ன ஆச்சரியம், ஒவ்வொரு வாரமும் முன்னேறினார்கள்! சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. ஒரு நாள் தங்கராஜ் அண்ணாச்சி தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிரமாதமாகப் பாடினார். மனப்பாடமே ஆகிவிட்டது போலும் என்று உச்சி குளிர்ந்து போனேன். விண்ணப்பத்தில் 'கற்பித்தல் சாதனை' என்ற இடத்தில், இரண்டே மாதத்தில் பதினான்கு பேருக்கு ஸ்டாஃப் படிக்கக் கற்றுக்கொடுத்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பாட்டு டி மேஜர் சுருதியில் இருந்தது. பைபிளின் சங்கீத வரிகளுக்கு நானே மெட்டமைத்தது. நடுவில் பதினாறு பார்கள், அதாவது பதினாறு தாளக் கட்டங்கள், மட்டும் மூன்று சுருதிகளுக்குத் தாவித் திரும்பும். அது சாமிக்காக எழுதியதல்ல, பின்டோ சாருக்காக எழுதியது.

3. விடாத சி

பின்டோ சார் வருவதாகச் சொன்ன ஞாயிறு காலையிலிருந்தே மழை. ஐந்து மணிக்குப் பாட்டு. நாலரைக்கு மாடத்தில் ஏறி ஆர்கன் ஸ்விட்சைப் போட்டேன். கட்டையில் கை வைக்கவே இல்லை, சி என்ற ஸ்வரம் தானாகக் கிளம்பிவிட்டது. கட்டையைத் தட்டினேன், தூக்கினேன். கட்டையில் கோளாறு இல்லை. உள்ளே காற்றை அடைக்கிற பலகை ஈரத்தில் உப்பி, மூடாமல் நின்றுவிட்டது. இதை நாங்கள் சைஃபர் என்போம். அந்தக் குழாயை உருவிவிட்டால் சத்தம் நிற்கும். ஆனால் குழாய்கள் இருக்கிற பெட்டியின் கதவும் அதே மழையில் உப்பி இறுகியிருந்தது. அண்ணாச்சி தோளால் இரண்டு இடி இடித்தார். தோள்தான் வலித்தது.

மேல் வரிசைக் கட்டைகள் போன வருஷ மழையிலேயே உயிரை விட்டிருந்தன. மிச்சம் இருந்தது இந்த ஒரு வரிசை. கீபோர்டு வாங்கிவரச் சொல்லலாம் என்றால் வெளியே முழங்கால் தண்ணீர். டி மேஜர் பாட்டுக்கு அடியில் விடாமல் ஒரு சி ஒலித்தால் எப்படி இருக்கும்? பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்பதுபோல இருக்கும். நான் ஸ்விட்சை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

"டீச்சர், அந்த சியையே டோன்னு வச்சுப் பாடுனா என்ன?" என்றார் ஜெபமணி அக்கா.

"எப்படிக்கா? தாள்ல இருக்கது டி. நீங்க எல்லாரும் டி பார்த்துப் படிச்சிருக்கீங்க. அது போகட்டும், நாலு குரலோட பார்ட்டையும் பார்த்த கையோட ஒரு படி இறக்கி வாசிக்க எனக்கே வராது."

பதினான்கு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"ஏட்டி எஸ்தரு, கோவப்படாத" என்றார் அக்கா. அதுவரை மற்றவர்கள் முன்னால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஸ்டாஃப் தாளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தாளை உருவினார். அவர் கையெழுத்தில் சோல்ஃபா. என் பாட்டு முழுவதும், நாலு பார்ட்டும். "அந்தக் கம்பியில உக்காந்திருக்க குருவியெல்லாம் எங்களுக்கு என்னத்தத் தெரியும்? ஒவ்வொரு வாரமும் நீ வாசிச்சுக் காட்டுதத ரெக்கார்ட் பண்ணிக்கிடுவேன். வீட்ல வச்சு மாத்தி எழுதி, ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ அம்புட்டு ஆசையா போர்டுல கோடு போட்டுக்கிட்டு நின்ன. எப்படிட்டி சொல்லுதது?"

"நமக்கென்ன தாயி" என்றார் அண்ணாச்சி தோளைத் தேய்த்துக்கொண்டே. "டோ எதுன்னு காட்டு. பாடிட்டுப் போறோம்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. ஆனால் பின்டோ சார் குடையை உதறிக்கொண்டு உள்ளே வருவது மாடத்திலிருந்து தெரிந்தது. கோபப்பட நேரமில்லை. தாளை வாங்கி ஸ்டாண்டில் வைத்தேன். சோல்ஃபாவில் டோ எந்த உயரத்திலும் இருக்கலாம். அதைக் காட்டிவிட்டால் மற்றவை தாமாக அதன் பின்னால் வரிசையில் நின்றுவிடும். படித்து இருபது வருஷம் ஆகியும் கண் மறக்கவில்லை. சியை டோவாக வைத்து இரண்டு வரி சத்தமில்லாமல் விரலோட்டிப் பார்த்தேன். வந்தது.

சுருதி தாவுகிற அந்தப் பதினாறு பார்களுக்கு மட்டும் விடாத சி ஒத்துவராது. பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். மூன்று வாரம் தூங்காமல் எழுதியது.

ஸ்விட்சைப் போட்டேன். சி கிளம்பியது. இந்தத் தடவை யாரும் பதறவில்லை. கச்சேரிக்கு முன்னால் தம்புராவைக் கேட்டுக்கொள்வதுபோல, பதினான்கு பேரும் அதை ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அக்கா தலையசைத்தார். பாடினார்கள். என் பாட்டு இப்படியும் இருக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்ததும் சி மட்டும் மிச்சம் நின்றது. ஸ்விட்சை அணைத்தேன். மழைச் சத்தம் கேட்டது.

4. ஒரு வரி

பின்டோ சார் மாடிப்படி ஏறி வந்தார். நான் முன்பே கொடுத்திருந்த ஸ்கோர் அவர் கையில் இருந்தது.

"எஸ்தர், டி மேஜர் கஹாங் கயா?"

"மழையில போச்சு சார்."

"அந்த சி, பெடல் பாயின்ட். வெரி போல்ட். யுவர் ஐடியா?" பாட்டுக்கு அடியில் வேண்டுமென்றே விடாமல் பிடிக்கிற ஸ்வரத்துக்குப் பெடல் பாயின்ட் என்று பெயர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவும் வாய் திறந்தேன். பக்கத்தில் ஜெபமணி அக்கா எதுவும் தெரியாதவர்போலத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் மேலே, சோல்ஃபா அடியில். என்னைக் காப்பாற்ற மறுபடியும் ஒளித்துவைக்கிறார் என்பது புரிந்ததும் அந்த ஆமாமை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சைஃபர், கதவு, வெட்டிய பதினாறு பார்கள். கடைசியாக, விண்ணப்பத்தில் இருக்கிற சாதனை பொய் என்பதையும். "இவங்க ஒருத்தரும் ஸ்டாஃப் கத்துக்கல சார். எனக்குத்தான் அது தெரியல."

அவர் அக்காவின் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இதைப் பார்த்து, டைரக்ட்டா, வேற சுருதியில வாசிச்சீங்க?"

"ஆமா சார்."

"ஃபைல் மே க்யூன் நஹீ ஹை?" ஃபைலில் ஏன் இல்லை?

"வெட்கம் சார்."

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொய்யை அடிங்க. அங்கே இதை எழுதுங்க. நாளைக்குக் காலையில எனக்கு வேணும்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மறுநாள் அடித்தேன், எழுதினேன். இடம் எனக்கே கிடைத்தது.

என் முதல் வருஷ மாணவர்கள் இப்போது ஸ்டாஃப், சோல்ஃபா இரண்டையும் படிக்கிறார்கள். புதிதாக ஒரு கொயருக்குப் பொறுப்பேற்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போர்டில் கோடு போடும் முன், அவர்கள் கையில் ஏற்கெனவே என்ன தாள் இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்குப் போனேன். எல்லார் கையிலும் சோல்ஃபா தாள் மேலேயே இருந்தது. தங்கராஜ் அண்ணாச்சி தாளை நேராகப் பிடித்திருந்தார்.