லீவுக்கு ஓர் உதாரணம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் கோடையிலும் மின்விசிறி சுற்றாது, அட்டைகள் பறந்துவிடும். நம் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுக்குத்தான் அகராதி. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருளோ அத்தனை அட்டை. ஒவ்வொன்றிலும் யாரோ நிஜமாகவே பேசிய வாக்கியம் உதாரணமாக இருக்க வேண்டும். சொந்தச் சரக்கு கூடாது.

மூத்த ஆசிரியர் இதில் கறார். சொற்களின் வேரைத் தோண்டியே காலம் கழித்ததால் அவருக்கு 'வேர் சார்' என்று பெயர். பஸ்ஸில் பக்கத்து இருக்கைச் சண்டையைக்கூட எழுதப்போய், ஒருமுறை உதையிலிருந்து மயிரிழையில் தப்பினார்.

அந்த மாதம் 'லீவ்' வந்தது.

"எழுத்து ஒண்ணு, வேர் ரெண்டும்மா. அனுமதி, விடுப்புங்கிற லீவும் அன்பைச் சொல்ற லவ்வும் ஒரே வேர்ல பிறந்த பிள்ளைங்க. கிளம்பிப் போற லீவ் வேற வீட்டுப் பிள்ளை. அதுக்கு ஆதியில மிச்சம் வைக்கிறதுன்னுதான் அர்த்தம்."

"விடுப்புக்கு உதாரணம் கிடைச்சுதா சார்?"

"எல்லாரும் 'லீவ் போட்டேன்'னு மொட்டையா சொல்றாங்க. எதுக்குன்னு தெரிய வேண்டாமா?"

மறுநாள் காலை முகமெல்லாம் பல்லாக வந்தார். அட்டையில் அவர் மனைவி சொன்னது இருந்தது: "வியாழக்கிழமை லீவ் போட்டுட்டு வர்றீங்களா? ஆபரேஷனுக்கு உள்ள போறப்ப நீங்க வெளியில உக்காந்திருந்தா எனக்குப் பயமிருக்காது."

"என்ன வாக்கியம் பாத்தியா! ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. திரும்பச் சொல்லச் சொல்லி வாங்கிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவிக்கு மனுஷர் பதிலே சொல்லவில்லை. பென்சிலை எடுத்தார், எழுதினார், பஸ் ஏறிவிட்டார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர் வீட்டையே கெடுத்துவிடுவார் போலிருந்தது.

என் மேஜையிலிருந்தே வீட்டுக்குப் போன் செய்தார். அந்த அம்மாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பரவாயில்லைங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையா, தங்கச்சிய வரச் சொல்லிட்டேன். அவ பாத்துப்பா. நீங்க வேலையப் பாருங்க."

அதன்பின் அவர் வேலை எதுவும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவர் நாற்காலி காலி. கொழுந்தியாளோடு ஆபரேஷன் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். மயக்கம் தெளிந்ததும் அந்த அம்மா இவரைப் பார்த்து ஏதோ சொன்னார்களாம். திரும்பி வந்ததும் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தொழில் புத்தி. வெற்று அட்டை ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"என்ன சார் சொன்னாங்க?"

அவர் அட்டையைத் தொடவில்லை.

"அது எழுதறதுக்கு இல்லம்மா. எனக்குச் சொன்னது."