பன்னிரண்டாம் ரூம் சாவி

திருவாடானைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த புதிது. வருகிற எல்லோரும் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களோ என்று எனக்கு ஒரே சந்தேகம். குனிந்த தலை நிமிராமலே வேலை பார்ப்பேன்.

தீர்த்தமாடப் போகிறவர்கள் சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போய், ஈரத்துணியோடு வந்து வாங்கிக்கொள்வார்கள். அன்று ஓர் ஆம்பளைக் குரல், "பன்னிரண்டும்மா" என்றது. நான் பார்த்தது ஈர வேட்டியை மட்டும்தான். சாவியை நீட்டினேன்.

சற்று நேரத்தில், தலைமுடி சொட்டச் சொட்ட ஓர் அம்மா வந்து அதே சாவியைக் கேட்டார்.

"இப்பத்தானேம்மா உங்க வீட்டுக்காரரு வாங்கிட்டுப் போனாரு?"

"நான் தனியால்ல வந்திருக்கேன்!"

இருவரும் மாடிக்கு ஓடினோம். அந்த ஆள் எதிரே இறங்கி வந்தார். "என் ரூம் பதினாலு. நம்பரை மாத்திச் சொல்லிட்டேன்" என்று சாவியைக் கொடுத்தார்.

அவர் பதினாலாம் ரூம்காரர்தான். அந்த அம்மாவின் பையிலும் எதுவும் குறையவில்லை. ஆனாலும் நம்பர் மறந்துதான் கேட்டாரா, இந்தப் பொண்ணு நிமிர்ந்தே பார்க்காது என்று தெரிந்து கேட்டாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்போது சாவியை வாங்கும்போதே முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வருவது அதே முகம்தானா என்று உற்றுப் பார்த்த பிறகே கொடுக்கிறேன். அந்த முகம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று கவனிக்க நேரமே இருப்பதில்லை.