தோளுக்குத் தோள்

இஸ்ஸத்தும் நானும் பத்தொன்பது வருஷமாக ஒரே பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறோம். அளவில் அவன் பிசகி நான் பார்த்ததே இல்லை.

ஜெரூசலம் போகும் வழியில் ராணுவம் வைத்திருக்கும் கலந்தியா சோதனைச் சாவடியின் இரும்புச் சுழல்கதவுக்கு எங்கள் ஊரில் கோழி மெஷின் என்று பெயர். உள்ளே போன கோழி இறகில்லாமல் வெளியே வருமே, அந்த மெஷின். ரமல்லாவிலிருந்து துஜான் என்றொரு பெண் வந்து, அதேபோல் ஒன்று செய்துதரச் சொன்னாள். ஜெரூசலத்தில் கலைக் கண்காட்சியாம். தினமும் அதில் நசுங்குவது போதாதென்று காட்சிக்கு வேறு வைக்க வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இஸ்ஸத் உடனே ஒப்புக்கொண்டான். அவன் மனைவி ருவைதா புற்றுநோயோடு இரண்டு மாதமாக ஜெரூசலம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாவடியைத் தாண்ட அவளுக்கு அனுமதி கொடுத்தவர்கள் இவனுக்கு மூன்று முறை மறுத்துவிட்டார்கள்.

"கதவை மாட்ட ஆள் வேணும்னு என் பேரை எழுதிக் கொடும்மா. மாட்டிட்டு, ஒரு மணி நேரம் அவளைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றான்.

"எழுதறேண்ணே. அளவு எப்படி எடுப்பீங்க?"

"அங்க போய் டேப்பை நீட்டினா சுட்டுடுவான். அளவு வீட்டிலேயே இருக்கு."

ருவைதா வாட்டசாட்டமானவள். ஆஸ்பத்திரியில் சேரப் போன அன்று அந்தக் கதவில் சிக்கிக்கொண்டாள். இரண்டு தோளும் கம்பியில் முட்ட, சிப்பாய் பொத்தானை அழுத்தும்வரை அப்படியே நின்றாள். இவன் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வீட்டில் கிடந்த அவள் கோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து, இரண்டு தோளிலும் சாக்கட்டியால் கோடு போட்டான்.

"என்னடா, கதவு செய்றியா, சட்டை தைக்கிறியா?" என்றேன்.

"வாயை மூடிட்டுக் கம்பியைப் பிடி."

கதவுக்கு அனுமதி வந்துவிட்டது. லாரியில் ஏறிச் சாவடியைத் தாண்டிப் போயிற்று. இஸ்ஸத்துக்கு நாலாவது முறையும் இல்லை. காரணம் பாதுகாப்பாம். அவன் செய்த இரும்பால் ஆபத்தில்லை, அவனால்தான் ஆபத்து. நாசமாய்ப் போக! எப்படி மாட்டுவது என்று துஜானுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தான்.

கண்காட்சி திறந்த அன்று மத்தியானம் ருவைதா கூப்பிட்டாள். கையில் உறை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"நான் எங்க நிக்கிறேன் சொல்லுங்க பார்ப்போம்?"

"எங்க நிப்ப? ஆஸ்பத்திரியில."

"உங்க கோழி மெஷினுக்குள்ள. நர்ஸம்மாவைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். இந்தத் தெருவுக்கு அடுத்த தெருதானே ஆஸ்பத்திரி."

இஸ்ஸத்தின் முகம் மலர்ந்தது. "தோள் இடிக்குதா? அன்னைக்கு மாதிரியே இருக்கா?"

"எங்க இடிக்குது? ரெண்டு பக்கமும் நாலு விரல் இடம் கிடக்கு. பெரிய மேஸ்திரின்னு பேரு, கோட்டை விட்டுட்டீங்களே." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை.

இஸ்ஸத் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தான்.

"ஆமா ருவைதா, தப்பா அளந்துட்டேன்" என்றான்.

போன் அடங்கியதும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். கோட்டின் தோளில் சாக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தட்டிவிடப் போனேன்.

"விடுடா, இருக்கட்டும்" என்றான்.