பெரிய மாவுப்பூச்சி

சுனாபட்டியில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டு ஜன்னல் கம்பிக்குள் ஒரு செம்பருத்திச் செடி இருந்தது. பக்கவாதம் வந்து, பேச்சும் போய், அந்த ஜன்னலோரக் கட்டிலோடு கிடந்த என் மனைவிக்கு அந்தச் செடியால்தான் ஒரு வேலை இருந்தது. காலையில் ஒரு பூவைப் பறித்து அவள் இடது கையில் வைப்பேன். மெல்லத் தூக்கி, பக்கத்துச் சுவரில் மாட்டிய முருகன் படத்தில் செருகுவாள். வேறெதற்கும் அந்தக் கையைத் தூக்க மாட்டாள். அதுவும் நின்றுவிட்டால் அவ்வளவுதான் என்று எனக்கு உள்ளூரப் பயம்.

மழை முடிகிற சமயம் செடியில் மாவுப்பூச்சி விழுந்தது. வெள்ளை அப்பி மொட்டெல்லாம் உதிர்ந்தது. சும்மா விடுகிற ஆளா நான்? பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாகத் தினமும் தேய்த்தேன். சில பூச்சிகள் மட்டும் பெரிதாக, நீள நீளமான வெள்ளை இழைகளோடு ஊர்ந்தன. இதுகள்தான் தாய்ப்பூச்சி என்று நானே முடிவுகட்டி, தேடித் தேடி நசுக்கினேன்.

கந்த சஷ்டி வந்தது. அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டில் எறும்பைக்கூடக் கொல்வதில்லை. பிரஷ்ஷைத் தொடவில்லை. ஆறாம் நாள் பார்த்தால் சின்னப் பூச்சிகள் பாதியாகக் குறைந்து, ஒரு மொட்டு தப்பியிருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெரியதுகள் மட்டும் கொழுத்துத் திரிந்தன.

விரதம் முடித்த கையோடு பிரஷ்ஷை எடுத்தேன். கட்டிலிலிருந்து அவள் “ம்… ம்…” என்றாள். பூவுக்கு மட்டுமே தூக்கும் கையைத் தூக்கி ஆட்டினாள்.

“ஏட்டி, விரதந்தான் முடிஞ்சாச்சுல்லா. பேசாம கெட!” என்று எரிந்து விழுந்தேன். கண்ணில் பட்ட பெரியதையெல்லாம் நசுக்கினேன்.

பத்துப் பதினைந்து நாளில் செடி முழுக்க வெளுத்துப்போனது. தப்பிய மொட்டும் போயிற்று. ஒரு கிளையை ஒடித்து, செம்பூரில் ஒரு நர்சரிக்கு எடுத்துப்போனேன். அதில் எனக்குத் தப்பிய பெரியது ஒன்று இருந்தது. நர்சரிக்காரர் குச்சியால் அதைத் தள்ளிக் காட்டினார்.

“அரே காகா, யே தோ தோஸ்த் ஹை!”

நண்பனாம். மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டு, அதுகளுக்குள்ளேயே புகுந்து, அதுகளையே தின்கிற ஒரு பொறிவண்டின் புழுவாம். எத்தனையைக் கொன்றேன் என்று அவர் கேட்கவில்லை.

ரயிலில் திரும்பும்போதுதான் அவள் கை ஆட்டியது நினைவுக்கு வந்தது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவள் கண்முன் இருந்தது அந்தச் செடி ஒன்றுதான். எது எதைத் தின்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அவள் தடுத்தது விரதத்துக்காக இல்லை.

மறுநாள் மாதுங்காவில் செம்பருத்தி வாங்கி வந்து அவள் கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. பூ மெத்தையில் விழுந்தது. எடுத்து நானே படத்தில் செருகினேன். இப்போதும் நானேதான் செருகுகிறேன்.