கசிகிறது என்று சொன்னேன்

ஆறாவது மாதத்தில் எங்கள் குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டது. சுங்கை பட்டாணி மருத்துவமனைக்குப் போய், பிரசவம் மாதிரியே எல்லாம் நடந்து, வெறுங்கையோடு எங்கள் ஊர் குருணுக்குத் திரும்பினோம். எங்களுக்கு அது முதல் குழந்தை. கல்யாணமாகி ஐந்தாவது வருடத்தில் வந்தது.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என் மனைவியின் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். எல்லாச் சோதனையும் செய்துவிட்டோம், காரணம் ஒன்றும் அகப்படவில்லை, சில சமயம் இப்படித்தான் நடக்கும் என்றார். உன் மேல் தவறு இல்லை என்று இரண்டு முறை சொன்னார். என் மனைவி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் காரணம் தேட ஆரம்பித்தாள்.

மூன்றாம் மாதத்தில் தெரியாமல் தின்ற பப்பாளித் துண்டு, பீடோங்குக்கு என் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போனது, துணி நனைத்த வாளியைத் தூக்கியது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பாள். அதனால் இல்லை என்பேன். அடுத்த நாள் வேறொன்று வரும். நான் பக்கத்துத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கத்தில் இருக்கிற எனக்கும் 'காரணம் இல்லை' என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவளுடைய அக்கா ஜொகூரில் இருக்கிறார். தினமும் மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்டு, இவள் தட்டில் சோறு போட்டுக் காட்டும் வரை போனை வைக்க மாட்டார். ஒரு நாள் இவள் முந்தின நாள் குழம்பை மைக்ரோவேவில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. அடுப்பு 'டிங்' என்று நின்றதும் படம் திரும்ப ஓடியது. இது தினமும் நடக்கிறது, நீ மைக்ரோவேவைத் தட்டினாலே உன் முகம் நின்றுவிடுகிறது என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள் போனை வைத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே வைத்து அடுப்பை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வைஃபை போனது. நிறுத்தினாள், வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்திருக்கிறாள்.

நான் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சுவரத் தாண்டி ஹால்ல இருக்கிற வைஃபையையே இது அடிக்குது. அப்ப முன்னுக்கே நின்னுக்கிட்டு இருந்த எனக்கு என்ன செஞ்சிருக்கும்?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசையில் ஓடுகின்றன. வைஃபை அலை மிகவும் பலவீனமானது. அடுப்பிலிருந்து இம்மியளவு வெளியே வந்தால்கூட அதைக் குழப்பிவிடும், ஆனால் அந்த இம்மியளவு மனித உடம்பை ஒன்றும் செய்யாது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வாயில சொல்லாதீங்க. மீட்டர் வச்சுப் பாருங்க," என்றாள்.

குருண் டவுனில் மின்விசிறி, ரைஸ் குக்கர், டிவி எல்லாம் ரிப்பேர் செய்கிற தமிழ் முஸ்லிம் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் மைக்ரோவேவ் கசிவு பார்க்கிற மீட்டர் இருந்தது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் மீட்டருக்குப் புது பேட்டரி போட்டுக் கையில் கொடுத்தார். ஐந்துக்கு மேல் காட்டினால் மட்டும் கவலைப்படு, அதற்குக் கீழே என்றால் பேசாமல் மூடிவைத்துவிடு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதித்தேன். அவள் வீட்டுக்குள் இருக்க மாட்டேன் என்று கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். முதலில் அடுப்பின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். நெளிவு இல்லை, கீல் ஆடவில்லை, கொக்கி இறுக்கமாகப் பிடித்தது. கதவு போய் ஒட்டுகிற விளிம்பில் காய்ந்த குழம்பு எதுவும் இல்லை. அவள் எப்போதும் துடைத்து வைப்பவள். உள்ளே ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடத்துக்குத் தட்டினேன். மீட்டரைக் கதவிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடித்து, விளிம்பை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோனேன். மேல் பக்கம், கீல் பக்கம், கீழே, கண்ணாடிக்கு நேராக, பின்னால் காற்று வருகிற ஓட்டைகளில். எங்கும் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. கொக்கி இருக்கிற மூலையில் புள்ளி ஒன்றோ இரண்டோ காட்டியது. தண்ணீரை மாற்றி மூன்று தடவை பார்த்தேன். அடுப்பில் ஒரு குறையும் இல்லை.

ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் விடவில்லை.

"என்ன காட்டுது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

இல்லை என்று சொன்னால் நாளைக்கு வேறொன்றைத் தேடுவாள். அதற்கடுத்த நாள் இன்னொன்று. இது ஒரு பொருள்தானே, பிளக்கைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடலாம், அதோடு முடிந்துபோகும் என்று எனக்குப் பட்டது. யோசித்துச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கசியுது," என்றேன்.

"எவ்வளவு?"

"ஏழு, எட்டு காட்டுது. அஞ்சுக்குள்ள இருக்கணும்."

அவள் கண்ணை மூடி மூச்சை விட்டாள். இத்தனை நாளாக அவள் அப்படி மூச்சு விட்டு நான் பார்க்கவில்லை. நான் அடுப்பைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்து நானா கடையில் கொண்டுபோய் இறக்கினேன். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, வீட்டில் வேண்டாம் என்கிறாள் என்றேன். சரி, ஓரமாகக் கிடக்கட்டும் என்றார்.

அந்த வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள். நான் செய்தது சரி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் மிஷின் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு முன்னதாகவே வந்தேன். அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. காலையில் ஓட்ஸ், பத்து மணிக்குப் பால், மத்தியானம் குழம்பு, அவர் வந்ததும் சோறு, ஒரு நாளைக்கு நாலு தடவை அதில் சூடாக்கினேன்க்கா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அங்கிருந்து ஏதோ சமாதானம் சொன்னார். இவள் கேட்கவில்லை.

"நானேதான் போய் நின்னேன்க்கா. கண்ணாடி வழியா தட்டு சுத்துறதப் பாத்துக்கிட்டே நிப்பேன். வயிறு கதவுல முட்டும். அப்ப அது உதைக்கும். சந்தோசத்துல உதைக்குதுன்னு நெனச்சேன்."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றேன். குளிர்சாதனப் பெட்டியில் மாட்டியிருந்த வருடக் காலண்டரை அப்போதுதான் கவனித்தேன். அந்த ஆறு மாதத்துத் தேதிகளிலும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தாள். ஒவ்வொரு தேதிக்கும் நாலு. சில தேதிகளில் ஐந்து.

இத்தனை நாளும் அவளுக்குக் காரணம் இல்லாத துக்கம் மட்டும்தான் இருந்தது. நான் ஒரு பொய்யைச் சொல்லி அவளைக் குற்றவாளியாக்கிவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாலு நாள் தள்ளிப்போட்டேன். அந்த நாலு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாவது நாள் காலையில் தேநீர் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். அது கசியவே இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன்.

அவள் நம்பவில்லை. இப்போது என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்றாள். நேராக நானா கடைக்குப் போனேன். அடுப்பு ஓரத்தில் அப்படியே கிடந்தது. அதையும் மீட்டரையும் கேட்டேன். அவர் அடுப்பின் மேல் இருந்த தூசியைத் துடைத்துக் காரில் ஏற்றிவிட்டார். "நீ பேசாத தம்பி. மீட்டர அவங்க கையிலயே குடு," என்றார்.

அவர் சொன்னபடிதான் செய்தேன். அவள் வர மாட்டேன் என்றாள். வெகுநேரம் கழித்து வந்தாள். தண்ணீர் வைத்து ஓட்டினேன். மீட்டரை அவளே பிடித்தாள். கதவைச் சுற்றி ஒரு தடவை, இரண்டு தடவை கொண்டுபோனாள். எண் ஏறவில்லை. மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றாள். இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு அவளே மீட்டரைக் கீழே வைத்தாள்.

"அப்ப வைஃபை ஏன் நிக்குது?"

அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். படம் வந்ததும் அடுப்பை ஓட்டினேன். எப்போதும் போல அக்காவின் முகம் நின்றது. அடுப்பை நிறுத்திவிட்டு, அவள் போனை ரௌட்டரின் இன்னொரு அலைவரிசைக்கு மாற்றினேன். எங்கள் ரௌட்டரில் இரண்டு உண்டு. பழையதிலேயே ஓடட்டும் என்று நான்தான் அக்கறையில்லாமல் விட்டிருந்தேன். திரும்பவும் அக்காவைக் கூப்பிட்டு அடுப்பைத் தட்டினேன். தட்டு சுற்றியது. அக்காவின் முகம் நிற்கவே இல்லை. இங்கே என்ன நடக்கிறது என்று அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"இப்ப நல்லாத் தெரியுது தங்கச்சி," என்று மட்டும் சொன்னார்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் பத்து நாளா என் பிள்ளையக் கொன்னவளா இருந்தேன். உங்களுக்கு அது தெரியும்."

நாலு நாளாகத்தான் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நாலு நாளும் அதிகம்தான்.

அன்று சாயங்காலமே பையில் துணியை எடுத்துக்கொண்டு செமிலிங் பக்கத்தில் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் இருக்கிற தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எதனால் என்று இனிமேல் கேட்கவே முடியாது இல்லையா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பீடோங் தாண்டிக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

ஞாயிறுதோறும் போவேன். மாமனாரோடு தேநீர் குடித்துவிட்டு வருவேன். இரண்டு ஞாயிறு அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். தலையைச் சீவிப் பின்னியிருந்தாள்.

"எங்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபோது நானும் அவள் அண்ணனும்தான் குழந்தையை எடுத்து வந்து இந்தத் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தோம். பெண்கள் அங்கே வருவதில்லை. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது கேட்டதும் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவராகவே எழுந்து உள்ளே போய்விட்டார்.

நடந்தே போனோம். செம்பனை மரங்களுக்கு நடுவே மண் பாதை. மழை பெய்து ஈரமாக இருந்தது. சுடுகாட்டின் வேலி ஓரத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை உண்டு. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. நான் அடையாளத்துக்கு வைத்த கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் குந்தி உட்கார்ந்து கல்லைச் சுற்றியிருந்த புல்லைக் கையாலேயே பிடுங்கினாள். நானும் பிடுங்கினேன்.

"எதுல சுத்தி வச்சீங்க?"

"உன் வெள்ளைத் துண்டுல. பையில இருந்துச்சு."

"நீங்க முகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

மருத்துவமனையில் நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளால் முடியவில்லை.

"யார மாதிரி இருந்துச்சு?"

உன்னை மாதிரி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மாதிரின்னு சொல்லத் தெரியலம்மா. ரொம்பச் சின்னதா இருந்துச்சு. தலையில முடி இருந்துச்சு. ஒரு கைய மூடி வச்சிருந்துச்சு."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

அவள் தலையை ஆட்டினாள். பிடுங்கிய புல்லை ஓரமாகக் குவித்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். வெயில் ஏற ஆரம்பித்ததும் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

அடுத்த வாரம் குருணுக்கு வந்துவிட்டாள். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் இன்னும் இரண்டு பேர்தான். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. எதையாவது நான் சொல்லும்போது சில சமயம் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்து முடிக்கிற வரை நான் அசையாமல் நிற்பேன்.