கேள்விக்குறிகளாய் வந்த மெயில்

நான் வேலை பார்க்கும் கம்பெனி சரவணம்பட்டிப் பக்கம். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். பகலில் வீட்டோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு ஆபீஸ் மெயில்தான். அதுவும் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடுகிற பழைய புரோகிராம். யாராவது தமிழில் எழுதினால் எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறிதான் விழும்.

கோபியில் வாழை போட்டிருக்கும் என் அண்ணனுக்கு இது தெரியும். முதல் மெயிலைப் படிக்க முடியவில்லை என்று சொன்னதிலிருந்து, தமிழையே ஆங்கில எழுத்தில் போனில் அடித்து அனுப்புவார். மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு வரி. காற்றில் மரம் சாய்ந்தது, மாடு கன்று போட்டது, இப்படி.

அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் அவரிடமிருந்து மெயில் வந்தது. திறந்தால் வரி வரியாகக் கேள்விக்குறி.

மறந்துவிட்டார் போல என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அடுத்த வேலையைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அண்ணன் மறக்கிற ஆள் இல்லை. அந்த வீட்டில் ஆங்கில எழுத்துத் தெரியாதவர் அண்ணி மட்டும்தான். அண்ணனின் போனை அவர் தொட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். போனை வாங்கிப் பார்த்தால், அண்ணன் எண்ணிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டதும் அண்ணி எடுத்தார்.

"உங்கண்ணன் தோட்டத்துல உழுந்துபோட்டாரு அம்மணி. வாய் ஒரு பக்கம் இழுத்துக்குச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், நீ எடுக்கல. அதான் அவரு எழுதற எடத்துலயே எழுதிப்போட்டேன். படிச்சயா?"

"படிச்சேனுங்க அண்ணி," என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். வந்துரு கண்ணு."

கோபி பஸ்ஸில் அவிநாசி தாண்டும்வரை உட்கார இடமில்லை. குன்னத்தூரில் போன் அடித்தது, எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. இறங்கும்வரை அந்தப் போனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பேச்சும் நடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. வலது கை மட்டும் வரவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "நேத்திருந்து எடது கையும் கனமா இருக்குதுங்கறாரு அம்மணி. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு."

அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்தேன்.