டிசம்பரில் பூட்டிக் கிடக்கும் பத்ரிநாத்

டிராவல்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள்: வருகிறவர்கள் முதலில் லீவைத்தான் முடிவு செய்கிறார்கள், அதற்கு ஏற்றபடி மலையையும் மழையையும் நாம் ஒதுக்கித் தர வேண்டும்.

வெள்ளைக்காரர் ஊரில் படிப்பு முடிந்ததும் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடையில் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் உத்தராகண்டின் சமோலி மாவட்டம் என்றால் மட்டும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்பா அங்கே மலைச் சாலை போடும் பொறியாளர். ஐந்தாம் வகுப்பு வரை நான் படித்தது பத்ரிநாத் போகும் வழியிலுள்ள ஜோஷிமட்டில். அதனால் பத்ரிநாத் என்று யார் வந்தாலும் முதலாளி என் மேசையைக் கைகாட்டிவிடுவார்.

கிறிஸ்மஸ் லீவு

மகேஸ்வரி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். ஊரில் அவருடைய அம்மா இறந்தபோது இவருக்கு இங்கே விசா முடிவாகியிருக்கவில்லை. போக முடியவில்லை. பத்ரிநாத்தில் அலக்நந்தா கரையில் அம்மாவுக்குப் பிண்டம் வைத்தால்தான் மனம் ஆறும் என்றார். பல வருஷம் கழித்துக் கிறிஸ்மஸுக்கு ஷிப்ட் இல்லாமல் லீவு கிடைத்திருந்தது. "டிசம்பருக்குப் போடும் பிள்ளை" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"அக்கா, நவம்பர்லயே கோயிலைச் சாத்திடுவாங்க. பத்தாயிரம் அடிக்கு மேல இருக்கு. பனி மூடிடும், பூசாரிங்களே கீழ இறங்கிடுவாங்க" என்றேன். கோயிலை மாதக்கணக்கில் பூட்டுவார்கள் என்பதை அவர் நம்பவில்லை. நான் ஏதோ சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். கதவு மூடியதும் உள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது: "பிள்ளை, உம்மை நான் டிக்கெட் விக்கத்தான் வைச்சிருக்கிறன், போற ஆக்களை மறிக்க இல்லை!"

பூக்களும் மழையும்

தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் வந்தது. கணவர் ஐ.டி.யில் இருப்பவர். பிள்ளைகளுக்கு ஆகஸ்டில்தான் பள்ளி விடுமுறை, பத்ரிநாத் பக்கத்துப் பூக்களின் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். பூக்கள் மலர்வதும் அந்த மாதத்தில்தான், மலை சரிவதும் அந்த மாதத்தில்தான் என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சின்ன வயதில் ஒருமுறை கர்ணபிரயாகிலிருந்து ஜோஷிமட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது எங்களுக்குச் சற்று முன்னால் பாதி மலை சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸிலிருந்த சிலர் இறங்கி ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டார்கள். கீழே ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. புல்டோசருக்கு முன்னால் மழையில் நனைந்தபடி கையை வீசி வழிகாட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. ஜன்னல் வழியாக "அது எங்க அப்பா" என்று பஸ் முழுக்கச் சொன்னேன். இதையெல்லாம் நான் ரசித்துச் சொல்லி முடித்தபோது அவர் மனைவி பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்திருந்தார். கணவர் கேட்டார்: "பனியிலயும் போகக்கூடாது, மழையிலயும் போகக்கூடாதுன்னா, அந்த ஊரை எப்பதாங்க திறப்பாங்க?"

வெந்நீர்

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்த வயதான தம்பதியருக்கு ஒரே கவலை, அந்தக் குளிரில் குளிப்பது எப்படி என்பது. கோயிலுக்குக் கீழேயே வெந்நீர் ஊற்று இருக்கிறது என்றேன். சுற்றிலும் பனிமலை, நடுவில் ஆவி பறக்கும் குளம். சின்ன வயதில் கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டு அலறி ஓடியிருக்கிறேன். காசு கட்டாமல் வருஷம் முழுக்க வருமா என்று கேட்டார், வெந்நீர் பாய்லர் அடிக்கடி நின்றுபோகும் கவுன்சில் வாடகை வீட்டில் இருக்கும் அந்த ஐயா. வரும் என்றதும் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "கடவுள் கவுன்சில் வீட்டில இல்லைப் போல, அவற்ற பொயிலர் ஒழுங்கா வேலை செய்யுது."

அக்டோபர்

மகேஸ்வரி அக்கா திரும்பி வந்தார். இன்னொரு கடையில் டிசம்பருக்கே டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்றார்களாம். "கோயில் திறந்திருக்குமோ எண்டு கேட்டன். பிளேன் பறக்கும் எண்டான்" என்றார். கிறிஸ்மஸ் லீவைக் கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அக்டோபர் தொடக்கத்தில் லீவு வாங்கியிருந்தார்.

மழை கழுவிவிட்ட வானம் அந்த மாதத்தில் அப்படித் தெளிவாக இருக்கும். விடியும்போது கோயிலுக்குப் பின்னால் நீலகண்ட சிகரம் செம்பு நிறமாகிப் பிறகு பொன்னாகும், அதைப் பார்க்காமல் தூங்கிவிடாதீர்கள் என்றேன். மேலே காற்று மெல்லியது, முதல் இரவு ஜோஷிமட்டில் தங்குங்கள் என்றேன். பிறகு, வாடிக்கையாளரிடம் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டேன். ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகளில் விரிசல் விழுந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து என் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்றோ என்ற நினைப்பு. முடிந்தால் ஒரு எட்டு பார்க்க முடியுமா?

திரும்பி வந்ததும் நேராகக் கடைக்கு வந்தார். "அம்மாவுக்கு என்ர கையால வைச்சிட்டன்" என்றார். பிறகு செல்போனில் ஒரு படம் காட்டினார். பச்சைக் கேட், தகரக் கூரை, பின்னால் மலை. கேட்டில் பெரிய பூட்டு. முதலாளியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"உம்மட பள்ளிக்கூடம் நிக்குது பிள்ளை. கோயில் பூட்டுற மாசமெல்லாம் சொன்னீர், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் பூட்டு எண்டதைச் சொல்லேல்லையே!" என்றார் அக்கா.

இப்போது வேறு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கும் லீவு டிசம்பரில்தான் கிடைக்கிறது.